முன்மாதிரிக்குப் பணம் உண்டு... ஆர்டருக்கு யார் பொறுப்பு?

*பாதுகாப்பு ஆராய்ச்சிக்காக விதிகளைத் தளர்த்தியது அரசு. ஸ்டார்ட்-அப்கள் வந்தன, கருவிகள் பிறந்தன. அவை ராணுவ வீரரின் கைக்குப் போய்ச் சேருகின்றனவா?*

2018 ஏப்ரல் 12. சென்னை விமான நிலையத்தைச் சுற்றிலும் கறுப்புக் கொடிகள். வானத்தில் கறுப்பு பலூன்கள். காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கப்படாததைக் கண்டித்துத் தமிழ்நாடு கொதித்துக்கொண்டிருந்த நாள். பிரதமர் நரேந்திர மோடி சாலை வழியைத் தவிர்த்து, ஹெலிகாப்டரில் திருவிடந்தைக்குப் போய் இறங்கினார். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, திருமணத் தடை நீங்க வேண்டி மாலையோடு பிராகாரம் சுற்றுகிறவர்களின் ஊர் அது. அந்த நித்யகல்யாணப் பெருமாள் ஊரின் கடலோரப் பொட்டலில், பாதுகாப்புத் தளவாடக் கண்காட்சிக்காக டாங்கிகளும் பீரங்கிகளும் அணிவகுத்து நின்றன.

அன்றைய செய்திகளைக் காவிரிப் போராட்டமே நிரப்பியது. நிரப்பியதும் நியாயமே. ஆனால், அந்த மேடையில் தொடங்கிவைக்கப்பட்ட ஒரு திட்டம் பலர் கண்ணில் படாமலே போனது. அதன் பெயர் 'ஐ-டெக்ஸ்'. பாதுகாப்புத் துறைக்கான புத்தாக்கங்களை ஸ்டார்ட்-அப்கள், சிறு தொழிற்கூடங்கள், தனிநபர்கள் ஆகியோரிடமிருந்து நேரடியாகப் பெறுவதற்கான வழி.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2025 மே மாதம் அந்த வழியின் அருமை எல்லோருக்கும் புரிந்தது. ஆபரேஷன் சிந்தூரின்போது, மே 8 இரவு மட்டும் 36 இடங்களைக் குறிவைத்துப் பாகிஸ்தான் 300 முதல் 400 டிரோன்கள் வரை ஏவியதாக அரசு சொன்னது. டிரோனை யார் செய்கிறார்கள், அதை வீழ்த்தும் கருவியை யார் செய்கிறார்கள், ராணுவம் அதை எப்படி வாங்குகிறது என்ற கேள்விகள் டீக்கடை பெஞ்சுக்கு வந்தன. அந்தக் கேள்விகளின் பின்னால் இருப்பது ஒப்பந்தம் என்கிற, வெளியே பேசப்படாத விஷயம்.

இல்லாத பொருளுக்கு எப்படி டெண்டர் விடுவது?

ஓர் அரசு அலுவலகம் நாற்காலி வாங்குவதில் சிக்கல் இல்லை. உயரம், அகலம், மர வகை எல்லாவற்றையும் எழுதி டெண்டர் விடலாம். எல்லோரிலும் குறைந்த விலை சொன்னவர் 'எல்-1'. ஆர்டர் அவருக்கு.

கூட்டமாகப் பறந்து வரும் டிரோன்களைக் கண்டுபிடித்து முடக்கும் கருவிக்கு எதை எழுதுவது? அது இன்னும் பிறக்கவே இல்லை. எத்தனை மாதம் ஆகும், எவ்வளவு செலவாகும் என்று செய்யப்போகிறவருக்கே தெரியாது. பத்துப் பேர் முயன்றால் பாதிப் பேர் தோற்கலாம். ஆராய்ச்சியில் தோல்வி இயல்பு. தணிக்கையிலோ அது குற்றம்: "பணம் போயிருக்கிறது, பொருள் எங்கே?"

இதோடு மூன்று ஆண்டு டர்ன்ஓவர், முன் அனுபவச் சான்று, டெண்டர் வைப்புத்தொகை, வங்கி உத்தரவாதம், தாமதமானால் அபராதம் என வழக்கமான நிபந்தனைகளையும் சேர்த்தால், நான்கு பொறியாளர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் வாசலிலேயே திரும்பிப் போக வேண்டியதுதான்.

இந்த விதிகள் வீம்புக்காக வந்தவை அல்ல. 1987-ல் வெடித்த போஃபர்ஸ் விவகாரமும், 2001-ல் தெஹல்கா வெளியிட்ட ரகசிய வீடியோக்களும் ராணுவக் கொள்முதலின் மேல் ஆறாத வடுவை விட்டுச் சென்றன. சி.பி.ஐ., சி.வி.சி., சி.ஏ.ஜி. என்ற மூன்று பெயர்களையும் நினைத்துக்கொண்டேதான் அதிகாரிகள் பைலில் கையெழுத்துப் போடுகிறார்கள். கையெழுத்துப் போட்டால் விசாரணை வரலாம். போடாமல் தள்ளிவைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை.

தாமதத்துக்கு நாம் கொடுத்த விலை பெரிது. ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கித் திட்டத்துக்கு 1974-ல் 15.5 கோடி ரூபாயில் அனுமதி கிடைத்தது. முதல் டாங்கிகள் ராணுவத்தில் சேர்ந்தது 2004-ல். 1983-ல் அனுமதி பெற்ற தேஜஸ் போர் விமானம் முதன்முதலில் பறந்தது 2001-ல். அதன் முதல் படைப்பிரிவு அமைந்தது 2016-ல். தொழில்நுட்பச் சவால், பொருளாதாரத் தடை, மாறிக்கொண்டேயிருந்த ராணுவத் தேவைகள் எனக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் அரசுக் கூடங்களுக்குள்ளேயே செய்து முடிப்போம் என்று வெகுகாலம் இருந்ததும் அவற்றில் ஒன்று.

[பெட்டிச் செய்தி] ஐ-டெக்ஸ்: ஒரு பார்வை

■ நடத்துவது: பாதுகாப்புப் புத்தாக்க அமைப்பு. லாப நோக்கில்லாத நிறுவனம். ஹெச்.ஏ.எல்., பி.இ.எல். ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் இதன் நிறுவன உறுப்பினர்கள்.

■ முதல் சவால்: 2018 ஆகஸ்ட், 11 தேவைகளோடு அறிவிக்கப்பட்டது.

■ மானிய உச்சவரம்பு: அடிப்படைப் பிரிவில் 1.5 கோடி ரூபாய். ஐ-டெக்ஸ் பிரைமில் 10 கோடி. 2024 மார்ச்சில் தொடங்கிய அதிதி திட்டத்தில் 25 கோடி.

■ 2025 பிப்ரவரி நிலவரம்: அறிவிக்கப்பட்ட தேவைகள் 549. கையெழுத்தான ஒப்பந்தங்கள் 430. படைகள் வாங்கிய பொருட்கள் 43, மதிப்பு 2,400 கோடிக்கு மேல்.

■ 2025-26 ஒதுக்கீடு: அதிதியையும் சேர்த்து 449.62 கோடி. மொத்தப் பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடி.

பிரச்னையைச் சொல்லுங்கள், தீர்வைக் கேளுங்கள்

ஐ-டெக்ஸ் செய்த மாற்றம் எளிமையானது. இன்ன நீளம், இன்ன எடை என்று பொருளை வரையறுக்காமல், படைகள் தங்கள் பிரச்னையை எழுதிக் கொடுக்கும். தீர்வு இருக்கிறவர்கள் விண்ணப்பிக்கலாம். நிபுணர் குழு தேர்ந்தெடுக்கும். ஒரே சவாலில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஜெயிக்கலாம். பணம் கட்டம் கட்டமாக வரும். ஒரு கட்டத்தை முடித்தால்தான் அடுத்த தவணை. செலவில் தன் பங்கை நிறுவனமும் போட வேண்டும்.

2022 மார்ச்சில் இன்னொரு முக்கிய முடிவு வந்தது. ஐ-டெக்ஸில் தேறிய பொருளை வாங்குவதற்கான தேவை ஏற்பு தொடங்கி ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை சுமார் 22 வாரங்களில் முடிக்கும் எளிமையான நடைமுறைக்குப் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் ஒப்புதல் அளித்தது. வழக்கமான மூலதனக் கொள்முதலில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பழகிய துறைக்கு இது பெரிய பாய்ச்சல்.

பலனும் தெரிகிறது. சென்னையைச் சேர்ந்த பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ், டிரோன் எதிர்ப்புக் கருவிகளுக்காக ராணுவத்திடமும் விமானப்படையிடமும் 200 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஆர்டரைப் பெற்றது. புனேயின் சாகர் டிஃபென்ஸ், ஆளில்லா ஆயுதப் படகுகளுக்குக் கடற்படையோடு ஒப்பந்தம் போட்டது. பெங்களூரின் க்யூநூ லேப்ஸ், குவான்டம் முறையில் ரகசியத் தகவல் காக்கும் கருவியைச் செய்துகாட்டியது. பத்தாண்டுகளுக்கு முன்பு இந்த நிறுவனங்கள் ராணுவத் தலைமையகத்தின் வரவேற்பறையைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம்.

430-க்கும் 43-க்கும் நடுவில்

பெட்டியில் உள்ள இரண்டு எண்களை மறுபடி பாருங்கள். ஒப்பந்தங்கள் 430, படைகள் வாங்கிய பொருட்கள் 43. இதைத் தோல்வி என்று சொல்வது நியாயமாகாது. பல கருவிகள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. சில, ஆராய்ச்சிக்கே உரிய முறையில் தோற்றிருக்கும். ஆனால் முன்மாதிரி தேறிய பிறகும் ஆர்டர் வராமல் காத்திருப்பதுதான் இந்தத் துறையின் பெரிய வலி. ஊர் எல்லை வரை தார்ச்சாலை போட்டுவிட்டு, ஆற்றுக்குப் பாலம் கட்டாமல் விட்டதுபோல இருக்கிறது நிலைமை.

இதன் விளைவுகளை நால்வர் சுமக்கிறார்கள்.

முதலாமவர், நிறுவனத்தை நடத்துபவர். மானியத்துக்கு ஈடாகத் தன் பங்கைப் போட, வீட்டை அடமானம் வைத்தோ முதலீட்டாளரைப் பிடித்தோ பணம் திரட்டியிருப்பார். முன்மாதிரி முடிந்ததும் களச் சோதனை. இந்தியக் கொள்முதலில் இதற்கு ஒரு பெயர் உண்டு: 'நோ காஸ்ட், நோ கமிட்மென்ட்'. சோதனைச் செலவை ராணுவம் தராது, வாங்குவோம் என்ற உறுதியும் தராது. கருவியை ராஜஸ்தான் பாலைவனத்துக்கும் லடாக் பனிக்கும் கொண்டுபோவது நிறுவனத்தின் செலவு. அங்கே தேறினாலும், எத்தனை வாங்குவார்கள் என்று தெரியாமல் வங்கி கடன் தருமா? ஆர்டருக்குக் காத்திருக்கும் மாதங்களில் நல்ல பொறியாளர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் கையில் இருந்த அறிவும் கூடவே போகிறது.

இரண்டாமவர், எல்லையில் நிற்கும் வீரர். டிரோன் தொழில்நுட்பம் மாதங்களில் மாறுகிறது. இன்று வேலை செய்யும் ரேடியோ இணைப்பை நாளை எதிரி ஜாம் செய்துவிடுவான். உக்ரைன் போர் தினமும் காட்டும் பாடம் இது. இரண்டு ஆண்டுகள் பைலில் தூங்கிய கருவி, வந்து சேரும்போதே பழையதாகிவிடும்.

மூன்றாமவர், அதிகாரி. ஒரு படைப்பிரிவில் பிரச்னையைக் கண்டறிந்து, எழுதிக் கொடுத்து, ஸ்டார்ட்-அப்புடன் உட்கார்ந்து வேலை செய்தவர், இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போகிறார். புதிதாக வருபவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். தனக்கு ஏன் இந்த வம்பு என்று நினைத்தால், அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. துணிந்தவருக்குப் பாதுகாப்பு தராத அமைப்பின் குறை அது.

நான்காமவர், வரி கட்டும் நீங்களும் நானும். முன்மாதிரிக்குப் பணம் கொடுத்தோம். அது ஆர்டராக மாறாவிட்டால் அந்தப் பணமும் வீண். அவசரம் வரும்போது அதே பொருளை வெளியிலிருந்து அதிக விலைக்கு வாங்கும் செலவும் நம் தலையில்.

அவசரம் வந்தால் நம்மால் வேகமாக வாங்க முடியும் என்பதுதான் வேடிக்கையான உண்மை. ஆபரேஷன் சிந்தூருக்குப் பிறகு, அவசரக் கொள்முதல் அதிகாரத்தின் கீழ் 13 ஒப்பந்தங்கள், 1,981.90 கோடி ரூபாய்க்கு, ராணுவத்துக்காக முடிவாயின. போர் வந்தால் ஓடும் பைல், அமைதிக் காலத்தில் ஏன் நடக்கக்கூட மறுக்கிறது?

அமெரிக்கா காட்டிய வழி, அமெரிக்கா பட்ட சூடு

நெகிழ்வான ஒப்பந்தம் என்ற சிந்தனைக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியது. அதிர்ந்துபோன அமெரிக்கா, 1958 ஜூலையில் நாசாவை உருவாக்கும் சட்டத்தை இயற்றியது. வழக்கமான ஒப்பந்தங்களைத் தாண்டி, தேவைப்படும் பிற வகை உடன்பாடுகளையும் செய்துகொள்ளும் அதிகாரம் அதிலேயே நாசாவுக்குக் கிடைத்தது. 1989-ல் அதே அதிகாரம், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்பாவுக்கு வந்தது. பிறகு முன்மாதிரிகளுக்கும், முப்படைகளுக்கும் விரிந்தது. ஆயிரக்கணக்கான பக்கக் கொள்முதல் விதிகளைத் தாண்டி, இரு தரப்பும் உட்கார்ந்து பேசி நிபந்தனைகளை எழுதிக்கொள்ளலாம்.

இதன் சிறந்த உதாரணம் நாசாவிலேயே இருக்கிறது. விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுபோக, 2006-ல் ஸ்பேஸ்-எக்ஸ், ராக்கெட்பிளேன் கிஸ்ட்லர் என இரு நிறுவனங்களோடு நாசா இப்படி உடன்பாடு செய்தது. கட்டம் முடிந்தால் பணம். நிறுவனமும் தன் பணத்தைப் போட வேண்டும். கிஸ்ட்லரால் நிதி திரட்ட முடியவில்லை. 2007-ல் நாசா அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது. கொடுத்திருந்தது சுமார் 3.2 கோடி டாலர், ஒப்புக்கொண்டிருந்ததோ 20.7 கோடி டாலர். தோல்வி சீக்கிரமே தெரிந்தது, குறைந்த செலவோடு முடிந்தது.

அடுத்த படிதான் நமக்கு முக்கியம். ஸ்பேஸ்-எக்ஸ் தன் டிராகன் கலத்தை விண்வெளி நிலையத்துக்கு அனுப்பியது 2012-ல். ஆனால் 12 பயணங்களுக்கான 160 கோடி டாலர் ஆர்டரை நாசா 2008-லேயே கொடுத்துவிட்டது. கருவியைச் செய்துகொண்டிருக்கும்போதே வாங்குபவர் உறுதி சொன்னார். அந்த உறுதிதான் நிறுவனத்தை உயிரோடு வைத்தது.

சூடும் பட்டிருக்கிறார்கள். கீழே உள்ள பெட்டியைப் பாருங்கள்.

[பெட்டிச் செய்தி] தளர்த்தியதால் தவறிய மூன்று

■ எதிர்காலப் போர் அமைப்பு: ராணுவத்தையே புதுப்பிக்கும் மாபெரும் திட்டம். 2003-ல் நெகிழ்வான உடன்பாட்டில் போயிங்கிடம் சென்றது. இவ்வளவு பெரிய திட்டத்துக்கு இவ்வளவு குறைந்த கண்காணிப்பா என்று செனட்டர் ஜான் மெக்கெய்ன் கேள்வி எழுப்ப, வழக்கமான ஒப்பந்தமாக மாற்றினார்கள். சுமார் 1,800 கோடி டாலர் செலவான பின் 2009-ல் கைவிடப்பட்டது.

■ ரியான் கிளவுட்: 2018-ல் ஒரு சிறு முன்மாதிரியைத் தொடர்ந்து, போட்டியே இல்லாமல் 95 கோடி டாலர் வரையிலான ஆர்டர். ஆரக்கிள் நிறுவனம் முறையிட்டது. தொடர் ஆர்டருக்கு முதல் உடன்பாட்டிலேயே இடம் வைக்கவில்லை, முன்மாதிரியும் முழுதாக முடியவில்லை என்று அரசின் தணிக்கை அமைப்பு கண்டது. ஆர்டர் ரத்தானது.

■ வீரர்களுக்கான டிஜிட்டல் கண்ணாடி: 2018-ல் மைக்ரோசாஃப்ட்டுடன் 48 கோடி டாலர் உடன்பாடு. 2021-ல் 2,188 கோடி டாலர் வரை உற்பத்திக்கு வழி. அணிந்து பார்த்த வீரர்களுக்குத் தலைவலி, குமட்டல். பயன்படுத்துவோர் ஏற்பார்களா என்று அளக்காமல் வாங்கினால் மொத்தப் பணமும் வீணாகலாம் என்று 2022-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் எச்சரித்தார். 2025-ல் திட்டம் ஆண்டுரில் நிறுவனத்துக்குக் கைமாறியது.

மூன்றிலும் ஒரே பாடம். விதியைத் தளர்த்தியபோது கண்காணிப்பையும் சேர்த்துத் தளர்த்திவிட்டார்கள். 2020-ல் கொரோனா தடுப்பூசிக்காக அமெரிக்க ராணுவத்தின் வழியாகவே இத்தகைய உடன்பாடுகள் போடப்பட்டன. ஃபைசரின் 10 கோடி டோஸுக்கு 195 கோடி டாலர். தடுப்பூசி வேகமாக வந்தது, உயிர்கள் பிழைத்தன. ஆனால் அந்த உடன்பாடுகளின் நிபந்தனைகளை வெளியே கொண்டுவரப் பொதுநல அமைப்புகள் சட்ட வழியில் போராட வேண்டியிருந்தது.

நம் வீட்டு எச்சரிக்கை

நமக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. 2025 தொடக்கத்தில், சுமார் 230 கோடி ரூபாய் மதிப்புள்ள, 400 டிரோன்களுக்கான ஒப்பந்தங்களை ராணுவம் ரத்து செய்தது. காரணம், அவற்றில் இருந்த சீன உதிரிபாகங்கள். சீன எல்லையில் பறக்க வேண்டிய டிரோனுக்குள்ளேயே சீனப் பாகம்! வேகமாக வாங்கலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

வெளிப்படைத்தன்மையில் நாம் இன்னும் பலவீனமாகவே இருக்கிறோம். தகவல் உரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவு தேசப் பாதுகாப்பு, வணிக ரகசியம் ஆகியவற்றுக்கு விலக்கு தருகிறது. கருவியின் ரகசியத்தைக் காப்பது அவசியம். ஆனால் எத்தனை ஒப்பந்தம் போட்டோம், எத்தனை முடிந்தன, எத்தனை தோற்றன, ஏன் தோற்றன, எத்தனையை வாங்கினோம் என்பது ரகசியமாக முடியாது. மக்கள் பணம் அது.

இப்போது அடிக்கும் காற்று

2025-ஐச் சீர்திருத்த ஆண்டாக அறிவித்தது பாதுகாப்பு அமைச்சகம். நவம்பர் 1 முதல் புதிய பாதுகாப்புக் கொள்முதல் கையேடு நடைமுறைக்கு வந்தது. பழையது 2009-ஐச் சேர்ந்தது. உருவாக்கக் கட்டத்தில் தாமத அபராதம் இல்லை என்கிறது புதிய கையேடு. உள்நாட்டில் உருவாக்கியவருக்கு ஐந்தாண்டுகள் வரை உறுதியான ஆர்டர் தரவும் இடம் வைத்திருக்கிறது. இது உதிரிபாகம், பழுதுபார்ப்பு போன்ற அன்றாடக் கொள்முதலுக்கான கையேடு. பெரிய ஆயுதங்களை வாங்கும் 2020-ஆம் ஆண்டு நடைமுறையைத் திருத்தும் வேலையும் 2025-ல் தொடங்கியது. ஒரு லட்சம் கோடி ரூபாயில் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதியையும் மத்திய அரசு தொடங்கியிருக்கிறது. தனியார் ஆராய்ச்சிக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியில்லாமலோ நீண்ட காலக் கடன் தருவது அதன் நோக்கம்.

இந்தக் காற்றில் தமிழ்நாட்டுக்குப் பங்கு பெரிது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து முனைகளோடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் இருக்கிறது. கோவையில் கொடிசியா நடத்தும் பாதுகாப்புப் புத்தாக்க மையம், ஐ-டெக்ஸின் ஆரம்பகால மையங்களில் ஒன்று. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் டிரோன் சோதனைக் கூடத்துக்கு வழி பிறந்திருக்கிறது. பம்பும் மோட்டாரும் செய்து பழகிய கோவைப் பட்டறைகளால் துல்லியமான ராணுவ உதிரிபாகங்களைச் செய்ய முடியும். அவர்களுக்குத் தேவை மானியத்தைவிட, நம்பி இயந்திரம் வாங்கும்படியான ஓர் ஆர்டர்.

செய்ய வேண்டியவை ஐந்து

ஒன்று: முன்மாதிரி ஒப்பந்தத்திலேயே, சோதனையில் தேறினால் குறைந்தபட்சம் இத்தனை வாங்குவோம் என்று எழுத வேண்டும். ரியான் கிளவுட் ரத்தானதும், ஸ்பேஸ்-எக்ஸ் நிலைத்ததும் சொல்லும் பாடம் இது.

இரண்டு: களச் சோதனைச் செலவை அரசு ஏற்க வேண்டும். சோதனைக்கும் முடிவுக்கும் தேதி குறிக்க வேண்டும்.

மூன்று: பிரச்னையை எழுதிய அதிகாரி, முடிவு வரும்வரை அந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும். நேர்மையாக எடுத்த முடிவு தோற்றால் அவர் மேல் விசாரணை பாயக் கூடாது.

நான்கு: பயன்படுத்தப்போகும் வீரர் சரி என்று சொல்லாமல் உற்பத்தி ஆர்டர் கூடாது. உதிரிபாகங்கள் எங்கிருந்து வந்தன என்ற சோதனை கட்டாயம்.

ஐந்து: வெற்றி, தோல்வி இரண்டின் கணக்கும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

ஐ-டெக்ஸுக்கும் அதிதிக்கும் சேர்த்து 2025-26-ல் ஒதுக்கியது, பாதுகாப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 7 பைசாவுக்குக் குறைவு. அதைக் கூட்டலாம், கூட்டவும் வேண்டும். ஆனால் ஆர்டர் வரும் வழியைச் சரிசெய்யாமல் மானியத்தை மட்டும் கூட்டினால், முடங்கிக் கிடக்கும் முன்மாதிரிகளின் எண்ணிக்கைதான் கூடும்.

ஒப்பந்தங்கள் 500 தாண்டின, 600 தாண்டின என்ற அறிவிப்புகள் இனி அடிக்கடி வரும். வரும்போது கைதட்டுங்கள். கூடவே உங்கள் தொகுதி எம்.பி.யிடம் ஒரு கேள்வியையும் கேளுங்கள்: "இவற்றில் எத்தனை கருவிகள் படையில் சேர்ந்தன?" அந்தப் பதிலை அவையில் கேட்டு வாங்கித் தருவது அவர் கடமை.